கதை அகமா, புறமா?



திரைக்கதை எழுத விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, காட்சிகளை எப்படிப் பிரிப்பது, வசனத்தை எவ்வளவு வைப்பது என்பதைத்தான். இவை பிறகு வரவேண்டிய கேள்விகள். கையில் உள்ள கதை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெளியாமல் எழுதத் தொடங்கினால் பாதி வழியில் பேனா நின்றுவிடும்.

வகை என்றதும் காதல் கதை, சிரிப்புக் கதை, துப்பறியும் கதை என்று அடுக்குகிறோம். அது படத்தை விற்பவர்களின் கணக்கு. எழுதுகிறவருக்கு உதவும் பிரிவு நம்முடைய தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்கு உரிய பறவை, மரம், தொழில் முதலியன கருப்பொருள். மனிதரின் மனத்தில் நிகழ்வது உரிப்பொருள்.

நான் பிறந்த நிலாவெளி நெய்தல் நிலம். கரைவலை, வாடி, சம்மாட்டி, எதிரே புறாத்தீவு என்று முதலும் கருவும் கண்முன்னே கிடக்கின்றன. எங்கள் பக்கத்து இளைஞர்களின் எழுத்தில் இவை தாராளமாக வரும். உரிப்பொருளைத்தான் தேட வேண்டியிருக்கும். நெய்தலுக்கு உரியது இரங்கல் என்றார்கள் முன்னோர். யார், எதற்காக இரங்குகிறார் என்று சொல்ல முடியாதவரை கடற்கரை வெறும் படப்பிடிப்பு இடமே.

அடுத்து, அகம், புறம் என்ற பிரிவு. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லப்படுவதில்லை. அது எவருடைய நெஞ்சமாகவும் இருக்கலாம். புறப்பாட்டில் பெயர் உண்டு, ஊர் உண்டு, ஊரறிய நடந்த செயல் உண்டு. திரைக்கதைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நம் கதையின் முடிவு ஒரு மனத்துக்குள் நிகழ்கிறதா, ஊர்நடுவே நிகழ்கிறதா?

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை எடுத்துக்கொள்ளுங்கள். தாயில்லாப் பிள்ளைகளும் இளையதாரமும் வாழும் ஒரு வீட்டுக்குள் அது நடக்கிறது. அதை மூலமாகக் கொண்டு இயக்குநர் மகேந்திரன் 1979இல் ‘உதிரிப்பூக்கள்’ படத்தை எடுத்தார். கதையை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. ஒரு கிராமத்தைச் சுற்றிலும் நிறுத்தினார். சுந்தரவடிவேலுவின் கொடுமை வீட்டு வாசலைத் தாண்டி ஊரைத் தொடுகிறது. கடைசியில் ஊரே திரண்டு அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறது. அகத்தில் தொடங்கியதைப் புறத்தில் முடிப்பது என்று தீர்மானித்ததால்தான் அந்த ஆற்றங்கரைக் காட்சி பிறந்தது.

நம் நாட்டில் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் படமாயிற்று. நெடுந்தீவுக் கரைக்குப் பருவத்தோடு வந்து தங்கித் தொழில் செய்யும் மீனவர்களின் கதை அது. பருவம் முடிந்தால் வந்தவர்கள் திரும்பத்தான் வேண்டும். ஆகவே அங்கே அரும்பும் உறவுகளுக்குள் பிரிவு முன்கூட்டியே நிற்கிறது. முதற்பொருளாகிய காலமே உரிப்பொருளைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இலங்கையில் ஏறத்தாழ 35,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நிலாவெளியும் தப்பவில்லை. இதை எழுத விரும்புகிறவர் பலர் அலையிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்போது அலை கதாநாயகன் ஆகிவிடும். இறந்தவர்கள் கூட்டக் காட்சியில் வரும் உருவங்கள் ஆவார்கள். பார்ப்பவர் வியந்துவிட்டு எழுந்து போவார். நம் வீட்டுச் சாவுக்கு அது நியாயமாகுமா?

அதே துயரத்தை அகக்கதையாக எண்ணிப் பாருங்கள். கடல் புகுந்த வெங்காயத் தோட்டத்துக் கிணறு. வீட்டில் ஒருவரை இழந்த பெண் அதை நாள்தோறும் இறைக்கிறாள். மணற்பாங்கான கரையில் கிணற்றை அளவுமீறி இறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் மேலேறும். மழை பெய்து மெல்ல மெல்லத்தான் நன்னீர் திரும்பும். இறைக்காதே என்று அயலவர் சொல்லியும் அவள் கை நிற்கவில்லை. இந்தக் கதைக்கு ஒரு வாளி, ஒரு கயிறு, ஒரு முகம் போதும். முதல் மழையோடு கதை முடியலாம்.

புறக்கதையாக வேண்டுமா? 2005இல் வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கடலை நம்பிப் பிழைப்பவனுக்கு அளவு நாடாவே பகையாகத் தெரிந்திருக்கும். வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு உள்ளே போய்க் குடியிருப்பதா, எதிர்த்து நிற்பதா? இங்கே சம்மாட்டி, கூலியாள், கிராம உத்தியோகத்தர் எல்லாரும் வாய்திறக்க வேண்டும். வசனம் மிகும், முடிவு ஊர்க் கூட்டத்தில் வரும்.

இரண்டும் நல்ல கதைகள். ஆனால் இரண்டையும் ஒரே படத்தில் சமபங்காகத் திணித்தால், கிணற்றடிப் பெண் கூட்டத்தில் பேச வைக்கப்படுவாள். அவளுடைய மௌனம் கெட்டுவிடும்.

ஆகவே நேயர்களே, எழுத அமரும்முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிப் பாருங்கள். இக்கதையில் இரங்குபவர் யார்? அவருடைய இரக்கம் கண்ணுக்குத் தெரியும்படி அவர் செய்யும் செயல் என்ன? அது முடிவது அவருக்குள்ளா, ஊருக்கு முன்னாலா? விடை கிடைத்தபின் காட்சிகளைப் பிரிக்கத் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் சில நாள் கரையில் நடந்து வாருங்கள். கதை அங்கேதான் இருக்கும்.