தன்னைப் புகழ்தலும் தகும்

ஆங்கிலத்தில் 'போஸ்ற்' என்றொரு சொல் உண்டு. தற்பெருமை பேசுதல் என்பதே அதன் பொருளென நம் மாணவர் மனனஞ் செய்வர். ஆயின், புத்தளம் ஒரு களப்பைப் 'போஸ்ற்' செய்கிறது என ஆங்கிலத்தில் எழுதினால், ஊர் வீம்பு பேசுகிறது என்பதன்று பொருள். பெருமைக்குரிய களப்பொன்றை உடையது என்பதே. பெரும்பாலும் மனிதருக்கு இழுக்காகும் சொல் ஊருக்கு அணியாகின்றது! 'பிறாக்' என்னும் சொல்லுக்கோ இச்சலுகை இல்லை. அது வெறும் வீம்பையே குறிக்கும்.

இவ்வேறுபாட்டை நம் இலக்கணமும் நுணுகி ஆய்ந்துள்ளது. சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஒருவர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்கிறார். எனினும் புலவர்க்கு நான்கு இடங்களில் விலக்களிக்கிறார்: அரசவைக்கு ஓலை விடுக்கையில், தம் ஆற்றலை அறியாதார் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லுகையில், மாற்றார் தம்மைப் பழித்தவிடத்து.

மன்னர் மறைந்தனர், ஓலை மறையவில்லை. இன்று தில்லையடியிலிருந்து தொழிலுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் வரைவதும் அவ்வோலையே. அதைப் படிப்பவரோ அவர் ஆற்றலை அறியாதவர். அடக்கமெனக் கருதிப் பெற்ற தேர்ச்சியை மறைத்தால் வாய்ப்பு நழுவும். பெறாததைச் சேர்த்தால் நேர்முகத் தேர்வில் நாண நேரும். மாணவர்களே, உள்ளதை உள்ளவாறே எழுதுங்கள். அது வீம்பாகாது.