நம் முற்றத்தில் இன்னோர் உம்மத்து



சுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டு, தஸ்பீஹ் மணியோடு வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்து பாருங்கள். கிழக்கு வெளுக்கும் முன்பே கரிச்சான் குரல் கொடுத்துவிடும். அடுத்துக் காகம், பிறகு மைனா, பிறகு கூட்டமாகச் சலசலத்துக்கொண்டு வரும் தவிட்டுக்குருவிகள். நாம் வாயிற்கதவைத் திறப்பதற்குள் அவை தம் நாளைத் தொடங்கிவிடுகின்றன. காலையில் பசித்த வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையை, இறைவன்மீது வைக்கும் தவக்குலுக்கு உவமையாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். அந்த உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதை நம் முற்றத்திலேயே கண்ணாரக் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

திருமறையின் ஆறாவது அத்தியாயமாகிய அல் அன்ஆமின் 38ஆம் வசனம், பூமியில் ஊர்ந்து திரியும் உயிர்களும் சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கிறது. அவ்வசனத்தில் வரும் அரபிச் சொல் ‘உமம்’. ‘உம்மத்’ என்பதன் பன்மை. நம்மை நாம் எந்தச் சொல்லால் அழைத்துக்கொள்கிறோமோ அதே சொல்லைப் பறவைக்கும் இறைவன் வழங்கியிருக்கிறான். அப்படியாயின், நம் கொல்லைப்புறத்தில் குடியிருக்கும் அந்த உம்மத்தோடு நாம் எவ்வாறு பழகுகிறோம்? இதைச் சிந்திக்கவே இக்கட்டுரை.

கொல்லைப்புறக் குடிகள்

பச்சைமலையும் கொல்லிமலையும் எட்டிப்பார்க்கும் எங்கள் துறையூரில், எங்கள் வீட்டுக் கொல்லை பெரிதன்று. ஒரு கிணறு, ஒரு முருங்கை, ஒரு கொய்யா, வேலியோரம் மருதாணியும் செம்பருத்தியும், இவ்வளவே. ஆயினும் அங்கே வந்துபோகும் விருந்தாளிகள் பலர். செம்பருத்தியில் தேனுறிஞ்சும் தேன்சிட்டு, இலைகளை இணைத்துத் தைத்து அதற்குள் கூடமைக்கும் தையல்சிட்டு, கொய்யாப் பழத்துக்கு உரிமை கொண்டாடும் கொண்டைக்குருவி, கருப்பும் வெள்ளையுமாய் வந்து இனிமையாகப் பாடும் குண்டுகரிச்சான், செம்பு தட்டுவது போல இடைவிடாது ஒலியெழுப்பும் குக்குறுவான், வேலிக்கடியில் மெல்ல நடந்துவரும் செம்போத்து... பட்டியல் நீளும்.

வீட்டுக்குள்ளேயே வந்து கூடு கட்டும் சிட்டுக்குருவிக்கு நம் முன்னோர் ‘அடைக்கலக்குருவி’ என்று பெயரிட்டார்கள். அடைக்கலம் என்று வந்ததை அமானிதமாகக் கருதிய மக்கள் வைத்த பெயர் அது.

இன்று வீட்டுக்கு ஒரு கேமரா, கைக்கு ஒரு செல்போன் வந்துவிட்டது. பறவையைப் பார்க்கவும் படம் எடுக்கவும் காட்டுக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. சன்னலே போதும். ஆனால் எவ்வளவு நெருங்கலாம்? இதற்கு விடை காணுமுன், நம் சமுதாயத்தில் பிறந்த ஒரு சிறுவனின் கதையைக் கேளுங்கள்.

துப்பாக்கி தந்த திருப்பம்

1896 நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தவர் சாலிம் அலி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜீயின் இல்லத்தில் வளர்ந்தார். விளையாட்டுக் காற்றுத்துப்பாக்கியால் ஒருநாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் கறை. வழக்கமான குருவிக்கு அப்படி இராதே! இதைச் சாப்பிடுவது ஆகுமானதுதானா என்ற ஐயம் சிறுவனுக்கு எழ, மாமாவிடம் ஓடினார். மாமாவுக்கும் விடை தெரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் சிறுவனை அனுப்பிவைத்தார். அவரோ, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கியதோடு, அலமாரி அலமாரியாக அடுக்கிவைக்கப்பட்டிருந்த பறவை உடல்களையும் திறந்து காட்டினார். ஹலாலா என்று கேட்கப் போன சிறுவனுக்குக் கல்வியின் வாசல் ஒன்று திறந்தது!

அந்நாளில் பறவையைக் கற்பதென்றால் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான். சாலிம் அலியும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் அவருக்குப் பெரும்பெயர் ஈட்டித்தந்தது பொறுமையான பார்வையே. அருங்காட்சியக வேலை பறிபோன நிலையில், 1930இல் மும்பைக்கு அருகே கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கியிருந்தார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மறைப்புக்குப் பின்னால் நாள்தோறும் அமர்ந்து அவற்றைக் கவனித்தார். ஆண்குருவி பாதிக் கூட்டை முடைந்துவிட்டுக் காத்திருப்பதையும், பெண்குருவி வந்து சோதித்து ஒப்புக்கொண்ட பின்னரே மீதியை முடிப்பதையும், உடனே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையைத் தேடுவதையும் கண்டு எழுதினார். அறிஞர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டது. 1976இல் பத்மவிபூஷண் விருது பெற்றார், 1987இல் மறைந்தார். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட தலைப்பு ‘ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’.

இத்துறை ஆண்களுக்கே உரியது என்று எண்ண வேண்டாம். பீகாரில் பிறந்து ராஞ்சியில் வாழ்ந்த ஜமால் ஆரா என்ற முஸ்லிம் பெண்மணி, அப்பகுதிப் பறவைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். பறவை பார்ப்பதைக் கற்றுத்தரும் அவரது சிறு நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1970இல் வெளியிட்டது. நாளின் பெரும்பகுதியை இல்லத்தில் கழிக்கும் நம் சகோதரிகளுக்கு அடுப்படிச் சன்னல் வழியே கிடைக்கும் காட்சிகள், வெளியே அலையும் ஆண்களுக்குக் கிட்டுவதில்லை.

மருதாணிச் செடியில் நடந்தது

இனி நான் சொல்லப்போவது என் தவறு. பிறருக்குப் பாடமாகட்டும் என்றே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பங்குனி மாதத்தில், எங்கள் மருதாணிச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியது. சிறு கிண்ணம் போன்ற கூடு. அதில் இளஞ்சிவப்பில் புள்ளியிட்ட மூன்று முட்டைகள். ஏறத்தாழ இரு வாரங்களில் குஞ்சுகள் வெளிவந்தன. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மைத்துனர் அப்போதுதான் ஒரு கேமரா கொடுத்திருந்தார். “அத்தா, கிட்டப் போய் எடுங்கள்” என்று பிள்ளைகள் வற்புறுத்தினார்கள். எனக்கும் ஆசை. கூட்டை மறைத்திருந்த இரண்டு கொப்புகளை நூலால் இழுத்துக் கட்டிவிட்டுப் படம் எடுத்தேன். மூன்று வாய்கள் ஒருசேரத் திறந்திருக்கும் அருமையான படம் கிடைத்தது. அதற்குள் அஸர் பாங்கு ஒலித்தது. நூலை அவிழ்க்க மறந்து பள்ளிக்குச் சென்றுவிட்டேன்.

மறுநாள் காலை கூடு வெறுமையாக இருந்தது. மதிற்சுவரில் ஒரு காகம் அமர்ந்திருந்தது. தாயும் தந்தையும் அலகில் புழுவைக் கவ்விக்கொண்டு, கூட்டுக்கும் முருங்கைக்குமாகப் பறந்து பறந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. நண்பகல் வரை அந்தக் குரல் ஓயவில்லை.

காகத்தைக் குறை சொல்வதற்கில்லை. அதற்கும் குஞ்சுகள் இருந்திருக்கும். இறைவன் இட்ட இலைத்திரையை விலக்கியவன் நான்.

பயணமொன்றில் தோழர்கள் சிலர் ‘ஹும்மரா’ என்னும் சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டதும், தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததும், அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதைத் துன்புறுத்தியவர் யார் என்று வினவித் திருப்பி ஒப்படைக்கச் சொன்னதும் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளன. அந்த நபிமொழியை ஆண்டுதோறும் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான்தான். அன்று மாலை வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திறக்க என் கை நடுங்கியது. திருப்பிக் கொடுக்க என்னிடம் குஞ்சுகள் இல்லை. படம் மட்டுமே இருந்தது. அதை நான் எவருக்கும் காட்டுவதில்லை.

நெருங்குவது எப்படி?

ஆகவே முதல் விதி இதுதான்: முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைப் படம் எடுக்க நெருங்காதீர்கள். நாம் அடிக்கடி செல்லும் இடத்தைக் காகமும் பூனையும் கவனிக்கின்றன. தாய்ப்பறவை அஞ்சி விலகி நிற்கும் நேரத்தில் முட்டை குளிர்ந்துவிடலாம். குஞ்சு வெயிலில் வாடலாம். தொலைவில் இருந்து பார்ப்பதோடு நின்றுகொள்ளுங்கள்.

இரண்டாவது விதி: நாம் பறவையிடம் போவதைவிட, பறவை நம்மிடம் வரச்செய்வதே மேல். திருச்சிராப்பள்ளி வட்டாரத்து வெயில் எத்தகையது என்று உங்களுக்குத் தெரியும். ஓர் அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு நீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லை இட்டு, சன்னலுக்கு ஆறேழு அடி தள்ளி நிழலில் வையுங்கள். ஒளிந்துகொள்ள அருகில் ஒரு செடி இருக்கட்டும். ஆனால் பூனை பதுங்கும் அளவுக்குப் புதர் ஒட்டியிருக்க வேண்டாம். நாள்தோறும் சட்டியைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுங்கள். இல்லையேல் கொசுவும் நோயும் பெருகும். சில நாட்கள் பொறுத்திருந்தால் முதலில் மைனாவும் காகமும், பிறகு சிறு பறவைகளும் வரும்.

மூன்றாவது, வீட்டையே மறைவிடமாக்குங்கள். பறவை அஞ்சுவது பெரும்பாலும் நம் அசைவையும் ஆளுருவத்தையும்தான். சன்னலில் பழைய திரையைத் தொங்கவிட்டு, கேமராவின் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, பின்னால் அமைதியாக அமர்ந்துகொள்ளுங்கள். காலை ஏழு மணி வெளிச்சம் மிக நன்று. பறக்கும் சிறகு தெளிவாக விழவேண்டுமானால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் தேவை. பறவையின் கண் தெளிவாக இருந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும். பளிச்சிடும் ஃபிளாஷ் வேண்டாம். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது வீணே அலைக்கழியும்.

செல்போன் மட்டும் உள்ளவர்கள், நீர்ச்சட்டிக்கு மூன்றடி தள்ளிச் செங்கற்களை அடுக்கி அதன்மேல் போனை நிறுத்தி, வீடியோவைத் தொடங்கிவிட்டு உள்ளே போய்விடுங்கள். அரைமணி கழித்து வந்து பார்த்தால், ஆளில்லா வேளையில் அவை நீராடும் அழகைக் காணலாம்.

விலையுயர்ந்த கருவி வேண்டுமே என்று மலைக்காதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிய கேமராவைக் கொண்டு கருப்பு-வெள்ளைப் படங்கள் எடுத்தார். அவருடைய மூலதனம் பொறுமைதான்.

உயிரினங்களைப் படம் எடுப்பது மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் கேட்கக்கூடும். எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ, கேமராப் படம் என்பது நிழலைப் பிடித்துவைப்பதேயன்றிப் புதிதாக உருவம் சமைப்பதன்று எனக் கருதி அனுமதித்தார். தேவைக்கு மட்டுமே என வரையறுத்த ஆலிம்களும் உண்டு. உங்கள் உலமாக்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். பார்ப்பதற்கோ தடை ஏதும் இல்லை. தமக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை அவர்கள் பார்க்கவில்லையா என்ற கருத்தில், அல்முல்க் அத்தியாயம் நம்மைப் பார்க்கவே தூண்டுகிறது.

பார்த்ததை எழுதுங்கள்

பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, நாள், நேரம், பறவை, எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். இது வெறும் விளையாட்டன்று. தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டவற்றை எண்ணி, ‘இ-பேர்ட்’ என்னும் இணையப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். இவ்வாறு நாடெங்கும் பொதுமக்கள் திரட்டிய குறிப்புகளைக் கொண்டே 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை வெளிவந்தது. நீண்டகால மாற்றத்தைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவிட்டன என்பது அது தரும் வருத்தமான செய்தி.

இன்னொன்று. கூண்டுக்கிளி வளர்ப்பது நம் வீடுகள் சிலவற்றில் பெருமையாகக் கருதப்படுகிறது. நம் நாட்டுக் கிளி, மைனா, முனியா ஆகியவற்றைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அந்தக் காசில் ஒரு கொய்யாக் கன்றை நடுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டால் அதுவும் அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி. மரம் வளர்ந்தால் கூண்டில்லாமலே கிளி வரும்.

அன்பர்களே! எங்கள் மருதாணிச் செடி இப்போது முன்பைவிட அடர்ந்திருக்கிறது. நாங்கள் அதை வெட்டுவதில்லை; பெருநாளுக்குக் கைக்கு இடக்கூட வெளிக்கொப்புகளையே பறிக்கிறோம். சென்ற ஆண்டு அதற்குள் மீண்டும் ஒரு கொண்டைக்குருவி இணை நுழைவதும் வெளிவருவதுமாக இருந்தது. உள்ளே எத்தனை முட்டைகள் என்று நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை, வால் வளராத இரண்டு குஞ்சுகள் முருங்கைக் கிளையில் அமர்ந்து தாயிடம் இரை கேட்டுக்கொண்டிருந்தன. சன்னல் திரைக்குப் பின்னால் நின்று என் மகன் எடுத்த படம் சற்று மங்கல்தான். அதைத்தான் வருவோர்க்கெல்லாம் காட்டுகிறோம்.

தன் படைப்பினங்களிடம் இரக்கம் காட்டுவோரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.