புகைபோக்கிக்குள் ஒரு குழாய்

வெதுருகுப்பத்தில் எங்கள் வீட்டுக்குக் கேஸ் வந்து வெகுகாலம் ஆகிறது. காபியும் குழம்பும் அதில்தான். களி கிண்டவும் வெந்நீர் போடவும் மட்டும் விறகடுப்பு. தோப்பில் கவாத்து செய்த மாங்கிளை குவிந்து கிடக்கும்போது சிலிண்டரை எதற்குக் காலி பண்ணுவது?

பழைய திறந்த அடுப்பை எடுத்துவிட்டு, மூடிய இரும்பு அடுப்பு வைக்க முடிவு செய்தோம். மேலே மாமனார் கட்டிய புகைபோக்கி, ஓரடிக்கு ஓரடி செங்கல் கூண்டு. “கூண்டுதான் இருக்குதே அக்கா, அதுலயே விட்டுடலாம்” என்றார் மேஸ்திரி. நான் குழாய் இறக்கச் சொன்னேன்.

புது அடுப்பின் புகைவாய் 4 அங்குலம். கூண்டோ அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பரப்பு. சூடு இருந்தால்தான் புகை ஏறும். அவ்வளவு அகலத்தில் நுழைந்ததும் வேகம் தணிந்து, குளிர்ந்த செங்கல்லுக்குச் சூட்டைப் பறிகொடுத்துவிடும். ஈரமும் தாரும் சுவரில் படியும். கெட்டியாகப் படிந்த தார் என்றைக்காவது தீப்பற்றலாம். காரை உதிர்ந்த விரிசல் வழியே கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியலாம். அதற்கு நிறமுமில்லை, வாசமுமில்லை. திறந்த அடுப்பு அறைக் காற்றையும் சேர்த்து இழுத்தது. அதற்கு அந்த அகலம் வேண்டியிருந்தது.

கடைக்காரர் முதலில் காட்டியது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய். மலிவுதான். அறுக்கும்போது பறக்கும் தூசி புற்றுநோய் தருவது என்பதால் வேண்டாமென்றேன். மெல்லிய ஜிஐ தகரத்தைப் புகைக்கரி அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கினோம். குழாய்க்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள காற்றே சூட்டைக் காக்கும். கூண்டின் மேல்வாயில் குழாயைச் சுற்றி மட்டும் தகடு அடிக்க வேண்டும். குழாயின் நுனி கூரை முகட்டைவிட 2 அடியாவது உயரட்டும்.

புகைபோக்கி வைத்த அடுப்பு நமக்குப் புதிதில்லை. ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே செய்துகாட்டினார். ஆனால் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோவும் கூட்டாளிகளும் ஒடிசாவில் இத்தகைய அடுப்புகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த கதை வேறு: முதலாண்டில் புகை குறைந்தது, பிறகு பலனே தெரியவில்லை. வீட்டார் அவற்றைச் சரிவரப் பயன்படுத்தவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. ஆகவே அடியில் கரி வழிக்க ஒரு சின்னக் கதவு வைக்கச் சொன்னேன். மேஸ்திரி முணுமுணுத்தபடி வைத்தார்.

கேஸ் மட்டுமே எரியும் வீட்டுக்கு இந்தச் செலவு தண்டம். கூண்டின் மேல்வாயை மழை இறங்காதபடி மூடிவிட்டாலே போதும்.