காம்பவுண்டுக்குள் உடைந்த குழாய்: செலவு யார் தலையில்?

நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டினால் ஊரே பேசும். தெருக்குழாய்க்கும் வீட்டுக் கழிப்பறைக்கும் நடுவே கிடக்கும் சில மீட்டர் குழாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தெருவில் இருப்பது அரசுப் பணத்தில் போட்டது. காம்பவுண்டுக்குள் இருப்பது வீட்டுக்காரர் பாடு. அது உடைந்தால் சரிசெய்ய அரசு பணம் தரலாமா?

ஒரு வீட்டுக் குழாயால் ஊருக்கு என்ன கேடு?

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தென்னை வேர் புகுந்து இணைப்பு விட்டுப்போன பழைய குழாயில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே ஏறும். மற்ற நாளில் கழிவு வெளியே கசிந்து பக்கத்து வீட்டுக் கிணற்றைத் தேடிப் போகும்.

இதைவிடப் பெரிய கேடு, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் சொருகிவிடுவது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று கணக்கிட்டே குழாய் அமைக்கிறார்கள். அதன்படி ஐந்து பேர் உள்ள வீட்டின் ஒருநாள் கழிவுநீர் 540 லிட்டர்தான். இப்படிப் பத்து வீடு சேர்ந்தால் தாழ்வான தெருவில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை வெளியே வரும். ஓடை வழியாக அது போய்ச் சேரும் இடம் பழையாறு. அங்கிருந்து மணக்குடிக் கழிமுகம்.

தனியார் இடத்தில் பொதுப் பணம் செல்லுமா?

செல்லும். பொது நோக்கத்துக்கு மானியம் வழங்க அரசியல் சாசனத்தின் 282-வது பிரிவு இடம் தருகிறது. தமிழக அரசின் இலவசத் தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர் தொடர்பான சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், அவற்றைப் பொது நோக்கம் சார்ந்தவை என்றே 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014-ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கம் கிராமத்து வீடுகளில் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் வரை தந்தது. கழிப்பறை கட்டக் கொடுத்த கை, அதிலிருந்து போகும் குழாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு நியாயம் இல்லை.

இங்கிலாந்தில் 2011 அக்டோபர் 1-ல் ஒரு எல்லை வகுத்தார்கள். பல வீடுகளுக்குப் பொதுவான குழாய்களும், மனை எல்லைக்கு வெளியே உள்ள குழாய்களும் கழிவுநீர் நிறுவனங்களின் பொறுப்புக்குப் போயின. எல்லைக்குள் ஒரே வீட்டுக்கு உரிய குழாய் மட்டும் உரிமையாளரிடம் நின்றது. வடிவீஸ்வரம், கோட்டாறு போல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இடங்களுக்கு இது பொருந்தும். முடுக்குக்குள் நாலு வீட்டுக்குப் பொதுவாக ஓடும் குழாய் உடைந்தால், யார் காசு போடுவது என்ற சண்டையிலேயே மழைக்காலம் வந்துவிடும்.

யாருக்குத் தரலாம்?

எல்லோருக்கும் தர வேண்டியதில்லை. பங்களா வீட்டின் குழாயை ஓலைக்கூரை வீட்டுக்காரரின் வரியில் மாற்றுவது முறையல்ல. பொதுக்குழாய்க்கு முழுச்செலவு, ஏழை வீடுகளுக்கு மானியம், வசதியுள்ளவர்களுக்குச் சொத்துவரியோடு சேர்த்துத் தவணை என்று பிரிக்கலாம். கழிப்பறையில் சாயத்தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், அது எந்தச் சேம்பரில் வருகிறது, எங்கே ஓடைக்குள் கலக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனை முடிந்த பிறகே பணம். மாடித் தண்ணீர்க் குழாயைத் துண்டித்தாக வேண்டும். அடைப்பெடுக்கப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தனியார் வீட்டுக்கும் அதே சட்டம்தான். ஆகவே வேலையை இயந்திரம் வைத்திருப்பவரிடமே கொடுக்க வேண்டும்.

2019-ல் மாநகராட்சியான நாகர்கோவிலுக்கு இது தள்ளிப்போடக்கூடிய செலவு அல்ல. வீட்டுக் குழாய் ஒழுங்காக இணையாத தெருவில் எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு போகாது, மழைத்தண்ணீர்தான் போகும். தெருக்குழாய்க்கு மதிப்பீடு போடும்போதே உள்குழாய்க்கும் ஒரு தொகை ஒதுக்கினால், போட்ட கோடிகளுக்குப் பலன் கிடைக்கும்.