மெத்தென்ற ரப்பர் சைக்கிள் ரிம்மைத் தேய்ப்பது எப்படி?

பிரேக் கட்டை ரப்பர், ரிம் அலுமினியம். ரப்பரிடம் உலோகம் தோற்குமா?

வெறும் தேங்காய் நாரால் பித்தளைக் குடத்தைத் தேய்த்துப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது. நாரோடு ஈர மணல் சேர்ந்தால்? பிரேக்கிலும் அதேதான். மழைநாளில் சாலை மணல் ரப்பரில் புதைகிறது. ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்குகளும் சேர்கின்றன. பிறகு ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ரிம் சுரண்டப்படும்.

இப்படி ரிம்மின் பக்கச்சுவர் மெலிகிறது. டயருக்குள் இருக்கும் காற்றோ அதை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. ஓடும்போதே பிளந்துவிடலாம் என்பதுதான் உண்மையான ஆபத்து.

பிரேக் உரசும் இடத்தில் ஸ்கேலின் விளிம்பைக் குறுக்காக வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? சுவர் குழிந்திருக்கிறது. பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்டும் அடையாளமாக மெல்லிய பள்ளமோ சிறு குழியோ இருக்கும். அது மறைந்தால் ரிம்மை மாற்றியே ஆகவேண்டும்.

கட்டையில் மினுங்கும் துணுக்குகளை ஊசியால் அவ்வப்போது நோண்டி எடுங்கள்.