நிழலைத் தேடி வந்த விஞ்ஞானி

வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் வேலை விஷயமாக நம் நாட்டுக்கு வந்தால் எங்கே போவார்? சென்னை, பெங்களூரு என்றுதானே சொல்வீர்கள்? ஆனால், விருத்தாசலம் பக்கத்தில் இருக்கும் கருவேப்பிலங்குறிச்சி மாதிரியான சின்ன ஊர்களைத் தேடி, பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு கடல் தாண்டி வந்தார் ஒருவர். அதுவும் இரண்டு முறை! அவர் பார்க்க வந்தது, சில நிமிடங்களே நீடிக்கும் ஒரு நிழலை!

அவர் பெயர் பியர் ஜான்சென். பிரான்ஸ் நாட்டு வானியல் விஞ்ஞானி. 1824-ல் பாரிஸ் நகரில் பிறந்தவர். சின்ன வயதில் நடந்த ஒரு விபத்தால் அவருடைய கால் பழுதானது. வாழ்நாள் முழுவதும் விந்தி விந்தித்தான் நடந்தார். இளம் வயதிலேயே வங்கி வேலைக்குப் போக வேண்டிய நிலை. பிறகு தன் முயற்சியால் படித்து விஞ்ஞானி ஆனார்.

ஏன் சின்ன ஊர்?

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா வரும்போது சூரிய கிரகணம் ஏற்படுகிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்போது நிலாவின் நிழல் பூமியின் மேல் ஒரு கோடு போட்டதுபோல ஓடும். அந்தப் பட்டையின் அகலம் பெரும்பாலும் 250 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தப் பட்டைக்குள் நின்றால்தான் சூரியன் முழுவதும் மறைவதைப் பார்க்கலாம். வெளியே நின்றால் பாதி, முக்கால் என்றுதான் தெரியும்.

நிழல் நம்மைத் தேடி வராது. நாம்தான் அது விழும் இடத்துக்குப் போக வேண்டும். அது காடாக இருக்கலாம், மலையாக இருக்கலாம், யாரும் கேள்விப்படாத ஊராகவும் இருக்கலாம்!

குண்டூரில் ஒரு காலை

1868 ஆகஸ்ட் 18 அன்று வந்த முழு சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியா வழியாகச் சென்றது. அப்போது சூயஸ் கால்வாய்கூடத் திறக்கப்படவில்லை. ஜான்சென் சென்னைக்கு வந்து, அங்கிருந்து மசூலிப்பட்டினம் வழியாகக் குண்டூர் போய்ச் சேர்ந்தார். இன்று ஆந்திராவில் இருக்கும் குண்டூர், அன்று சென்னை மாகாணத்தில் ஒரு சிற்றூர்.

அவர் மட்டுமல்ல... சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினம் போனார். அதே ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வனபர்த்தி என்ற ஊருக்குப் போய்க் கிரகணத்தை ஆராய்ந்தார்.

ஆகஸ்ட் மாதம் மழைக்காலம். சரியாக அந்த நேரத்தில் ஒரு மேகம் வந்து மறைத்தால் போதும், பல மாத உழைப்பு வீண்! ஆனால், அன்று குண்டூர் வானம் கைகொடுத்தது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் சூரியன் முழுவதுமாக மறைந்தது. நிலாவின் விளிம்பில் செந்நிறப் பிழம்புகள் தெரிந்தன. ஜான்சென் தன் நிறமாலைமானியை அவற்றின் பக்கம் திருப்பினார்.

நிறமாலைமானி என்பது ஒளியை வானவில் போல நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று சில கோடுகள் உண்டு, நம் கைரேகை மாதிரி! அந்தக் கோடுகளைப் பார்த்து, சூரியப் பிழம்பில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு என்று கண்டுகொண்டார் ஜான்சென்.

அந்தக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. 'இவ்வளவு பிரகாசமாக இருக்கிறதே, கிரகணம் இல்லாத நாளிலும் தெரியுமே!' என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் காலை பட்டப்பகலில் பார்த்தார். தெரிந்தது!

இது எப்படி? ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்கத் தேய்த்தால் தோசை மெல்லிசாகும். தேய்க்காமல் விட்டால் தடிமனாக நிற்கும். அதுபோல, கண்ணைக் கூசும் பகல் வெளிச்சம் நிறமாலை முழுக்கப் பரவி மங்கிவிடும். பிழம்பின் ஒளியோ சில கோடுகளிலேயே குவிந்திருப்பதால் மங்காது. அதுவரை கிரகணத்தின்போது மட்டுமே பார்க்க முடிந்த பிழம்புகளை, அதன் பிறகு தினமும் பார்க்க முடிந்தது.

இதே முறையை இங்கிலாந்தின் நார்மன் லாக்கியரும் தனியாகக் கண்டுபிடித்தார். அதிசயம் என்ன தெரியுமா? இருவரின் கடிதங்களும் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தன! இருவரின் முகத்தையும் பொறித்துப் பதக்கமே வெளியிட்டார்கள். சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை என்று லாக்கியர் கண்டார். அதுதான் ஹீலியம்! 1895-ல்தான் வில்லியம் ராம்சே அதைப் பூமியில் கண்டுபிடித்தார்.

பலூனில் பறந்தார்!

1870 டிசம்பர் 22 அன்று இன்னொரு கிரகணம். ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவுக்குப் போக வேண்டும். ஆனால், பாரிஸ் நகரையே எதிரிப் படை சுற்றி வளைத்திருந்தது. சாலை வழியாக வெளியேற முடியாது. ஜான்சென் என்ன செய்தார் தெரியுமா? டிசம்பர் 2 அன்று கருவிகளோடு பலூனில் ஏறி, எதிரிகளின் தலைக்கு மேலே பறந்து தப்பினார்!

இத்தனை பாடுபட்டு அல்ஜீரியாவின் ஓரான் நகருக்குப் போய்ச் சேர்ந்தால்... கிரகண நேரத்தில் மேகம் மூடிவிட்டது. ஒன்றும் பார்க்க முடியவில்லை!

மீண்டும் வந்தார்... நம் நீலகிரிக்கு!

ஜான்சென் விடவில்லை. 1871 டிசம்பர் 12 கிரகணத்தின் பாதை கேரளா, தமிழகம், இலங்கை வழியாகச் சென்றது. ஊட்டிக்கு அருகே உள்ள சோலூர் என்ற மலை ஊரைத் தேர்ந்தெடுத்தார். உயரமான மலையில் காற்றில் தூசு குறைவு. வானம் தெளிவாகத் தெரியும்.

அன்று நம் பக்கத்து ஊர்களெல்லாம் ஆய்வுக் கூடங்களாகிவிட்டன! அவிநாசியில் போக்சன், புதுக்கோட்டையில் இத்தாலியின் ரெஸ்பிகி, கேரளத்தின் பேக்கல் கோட்டையில் லாக்கியர், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் ஆங்கிலேயக் குழுக்கள். கருவேப்பிலங்குறிச்சி அந்த நிழல் பட்டைக்கு வெளியே இருந்தது. அங்கே சூரியனின் பெரும்பகுதி மறைந்தும், முழுவதும் மறையவில்லை.

இந்த முறை கிடைத்தது இரண்டு நிமிடச் சொச்சம்தான். ஆனால், சோலூர் வானம் தெளிவாக இருந்தது. கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் வெண்ணிற ஒளிமகுடத்துக்குக் 'கரோனா' என்று பெயர். அது உண்மையிலேயே சூரியனைச் சேர்ந்ததா, அல்லது நம் காற்று மண்டலம் காட்டும் மாயமா என்று அன்று விஞ்ஞானிகள் வாதிட்டுக் கொண்டிருந்தார்கள். அதன் நிறமாலையைப் பார்த்த ஜான்சென், அது சூரியனைச் சேர்ந்ததுதான் என்று உறுதியாகச் சொன்னார்.

ஓரானில் மேகம் மூடியதோடு 'போதும்' என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால், சோலூரில் அந்த இரண்டு நிமிடம் அவருக்குக் கிடைத்திருக்குமா?

நினைவில் வையுங்கள்!

கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம் எதுவும் பாதுகாப்பானது அல்ல. ஓர் அட்டையில் ஊசியால் சின்னத் துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். சூரியனின் குட்டிப் படம் தாளில் தெரியும்!

2034 மார்ச் 20 அன்று வரும் முழு சூரிய கிரகணத்தின் பாதை, நம் நாட்டின் வடகோடியில் காஷ்மீர், லடாக் பகுதி வழியாகச் செல்லும். அப்போது உங்களுக்கு என்ன வயது ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நிழலைத் தேடிப் போகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாமே!