மீனே, உன் சொந்த ஊர் எது?

திருநீர்மலையில் புதிதாகக் குடி வந்தவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதுதான். தென்காசி என்பார் ஒருவர். திண்டிவனம் என்பார் மற்றொருவர். பல்லாவரம், தாம்பரம் பக்கமெல்லாம் பிழைப்பைத் தேடி வந்த குடும்பங்கள்தானே அதிகம்!

தெருவில் மீன் கூடையோடு வரும் கிழவியிடமும் இதே கேள்விதான்.

"எந்த ஊர் மீன் ஆயா?"

"கோவளத்து மீன் கண்ணு. விடியற்காலை வலையில் விழுந்தது."

"பிறந்தது எந்த ஊரோ?"

"வலையில் விழுந்த ஊர்தான் எனக்குத் தெரியும். பிறந்த ஊரை நீ மீனைத்தான் கேட்க வேண்டும்!" என்று சொல்லிச் சிரித்தாள் கிழவி.

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் மீனையே கேட்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். மீனும் பதில் சொல்லுகிறது!

கோவளம் கடலில்

கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஒருநாள் இருட்டோடு புறப்பட்டுக் கோவளம் போனேன். ஒரு பெரியவர் தம் படகில் ஏற்றிக்கொண்டார். கரை விளக்குகள் சிறு புள்ளிகளாகும் வரை போனோம். எனக்கு வயிற்றைப் புரட்டியது. பெரியவரோ வெற்றிலை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

கிழக்கு வெளுத்ததும் வலையை இழுத்தார்கள். கத்தாழை நிறைய இருந்தது. நடுவே வெள்ளி போல மின்னிக்கொண்டு இரண்டு காலா மீன்கள்.

"இதற்குத்தான் வெள்ளைக்காரன் சால்மன் என்று பேர் வைத்தான், தம்பி" என்றார் பெரியவர்.

உண்மைதான். காலாவுக்கு ஆங்கிலத்தில் 'இந்தியன் சால்மன்' என்று பெயர். பம்பாய்க்காரர்கள் 'ராவஸ்' என்பார்கள். ஆனால் காலா, சால்மன் அல்ல, சொந்தம்கூட இல்லை! காலாவின் மார்புத் துடுப்புக்குக் கீழே நான்கு நூல் இழைகள் தொங்கும். கலங்கிய நீரில் அந்த இழைகளால் தடவிப் பார்த்து இரை தேடும். சால்மனுக்கு அந்த இழைகள் கிடையாது. அது குளிர்ந்த கடலின் மீன். இன்று சென்னைப் பெரிய கடைகளில் ஆரஞ்சு நிறத் துண்டுகளாக விற்கிற சால்மன், பெரும்பாலும் நார்வே நாட்டுப் பண்ணையில் வளர்ந்தது.

பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன்

பசிபிக் கடலின் சால்மன் வாழ்க்கை ஒரு கதை போல இருக்கும். மலை ஆற்றில், கூழாங்கற்களுக்கு இடையே முட்டை பொரிகிறது. குஞ்சு ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகிறது. அங்கே சில ஆண்டுகள் தின்று கொழுக்கிறது. பிறகு, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும், பிறந்த ஆற்றையே தேடி வருகிறது! நீரை எதிர்த்து ஏறுகிறது. முட்டையிடுகிறது. அங்கேயே உயிரை விடுகிறது.

கடலில் பாதை இல்லை, பலகை இல்லை. தன் ஆறு எது என்று எப்படித் தெரிகிறது?

விடை சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் ஹாஸ்லர். 1946-ஆம் ஆண்டு அவர் சிறு வயதில் திரிந்த மலைக்கு மறுபடியும் போனார். ஓர் அருவியை நெருங்கியபோது பாசியும் பூவும் கலந்த வாசனை வந்தது. மறந்தே போன பால்ய நண்பர்கள் சட்டென்று நினைவுக்கு வந்தார்கள். "எனக்கே இப்படி என்றால் மீனுக்கும் இப்படித்தானோ?" என்று அவருக்குத் தோன்றியது. நாமும்தான் மழை விழுந்த மண் வாசனையில் ஊரை நினைக்கிறோம். ஆனால் நாம் அதோடு விட்டுவிடுகிறோம்!

பிறகு ஹாஸ்லரும் அவருடைய மாணவரும் இரண்டு கிளையாகப் பிரியும் ஓர் ஓடையில் சோதனை செய்தார்கள். கிளைகளில் ஏறி வந்த சுமார் 300 சால்மன்களைப் பிடித்தார்கள். பாதி மீன்களுக்கு மூக்கை அடைத்தார்கள். எல்லாவற்றையும் கீழே கொண்டு போய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்த மீன்கள் பெரும்பாலும் தங்கள் கிளைக்கே சரியாகத் திரும்பின. மூக்கு அடைத்தவை திசை தெரியாமல் இரண்டு கிளைகளிலும் கலந்து ஏறின. பிறந்த தண்ணீரின் மணமே மீனுக்கு முகவரி!

தலைக்குள் ஒரு கல்

ஆற்றில் ஏறிய பிறகு மீனின் ஊர் தெரிந்துவிடும். நடுக்கடலில் பிடித்தால்? பத்து ஆற்று மீன்கள் ஒரே கூட்டமாகத் திரியும் இடம் அது.

இதற்கு மூன்று வழிகள் கண்டார்கள். பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சாக இருந்தால், கடலுக்கு விடும் முன்பே அதன் மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டைச் செலுத்திவிடுகிறார்கள். அதில் எண் பொறித்திருக்கும். அடையாளத்துக்கு முதுகின் பின்புறச் சிறு துடுப்பை வெட்டி விடுவார்கள்.

இரண்டாவது, காதுக்கல். கத்தாழைத் தலையைக் கடிக்கும்போது பல்லில் 'நறுக்' என்று ஒரு வெள்ளைக் கல் படுமே, அதுதான்! சால்மனுக்கும் அது உண்டு, சிறியதாக. மரத்தில் ஆண்டு வளையம் விழுவதுபோல, குஞ்சுப் பருவத்தில் இந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வரி விழுகிறது. அந்த வரிக்குள் அன்றைய தண்ணீரின் தாதுவும் படிகிறது. ஒவ்வோர் ஆறும் ஒவ்வொரு பாறையில் ஓடுவதால் தாதுவும் மாறும். கல்லை அறுத்துப் பார்த்தால் மீனின் குழந்தைப் பருவம் தெரிந்துவிடும். என்ன, மீன் செத்த பிறகுதான் கல்லை எடுக்க முடியும்.

மூன்றாவது வழிக்கு மீனைக் கொல்ல வேண்டாம். துடுப்பில் நகக்கண் அளவு துண்டு போதும். அதிலுள்ள மரபணுவை, ஆறு ஆறாக எழுதி வைத்த பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

வயிற்றுப் பிழைப்பு

இதெல்லாம் வெறும் வேடிக்கைக்காகவா? இல்லை. 2006-இல் அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் சால்மன் மிகவும் குறைந்துவிட்டது. மற்ற ஆறுகளில் மீன் இருந்தும், கடலில் எல்லாம் கலந்து திரிவதால், ஆரிகான், கலிபோர்னியா கரையில் சுமார் 700 மைலுக்கு மீன்பிடிப்பைக் கடுமையாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு நோஞ்சான் ஆற்றுக்காக ஒரு கரையே பட்டினி!

அந்த ஆண்டே ஆரிகான் மீனவர்கள் விஞ்ஞானிகளோடு கைகோத்தார்கள். பிடித்த ஒவ்வொரு மீனிலும் துடுப்புத் துண்டு வெட்டி, செதில் சில எடுத்து, உறையில் போட்டு, பிடித்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தார்கள். எந்த இடத்தில் எந்த ஆற்று மீன் என்று தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் மூடினால் போதுமே! மீனவரே விஞ்ஞானிக்குக் கணக்கு எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது.

கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை 2024-இல் இடித்து முடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மீன் எட்டாத மேல் பகுதியில் சால்மன் ஏறியது. அவற்றில் ஒன்றுகூட அங்கே பிறந்ததில்லை! ஊர் மாறிப் போகிற மீன்களும் உண்டு. நம் திருநீர்மலைக் குடித்தனக்காரர்களைப் போல.

நம் காவிரியில்

இப்படி ஆறு ஏறும் மீன் நமக்கும் ஒன்று உண்டு. அது உள்ளம், வங்காளிகள் உயிரை விடும் இல்சா. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். சால்மன்போல அங்கேயே சாகாது, கடலுக்குத் திரும்பிவிடும். காவிரியில் வெகு தூரம் உள்ளே வந்த மீன் இது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்ததும் அதற்கு மேலே வழி அடைபட்டது. கங்கையில் 1975-இல் பராக்கா அணை வந்த பிறகு அலகாபாத் பக்கம் உள்ளம் அருகிப்போனது. இப்போது பராக்காவுக்கு மேலே உள்ளத்தை விட்டு, சிலவற்றுக்குக் குறி கட்டிப் போகும் வழியைப் பார்க்கிறார்கள். அணையால் நெல் விளைந்ததை யாரும் மறுக்க முடியாது. மீனுக்கு ஒரு வழி விட்டிருக்கலாம் என்றுதான் மனம் சொல்கிறது.

படகில் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் இந்தக் காலா எந்த ஊரு?" என்றார். "தெரியாது ஐயா" என்றேன். "கழிமுகத்துப் பக்கம்தான் இருக்கும். குஞ்சுக் காலாவை அங்கேதான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வலையை மடித்தார்.

கத்தாழை நான்கு வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் தலையிலிருந்த கற்களைக் கழுவி, தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் பூதக்கண்ணாடி கிடைத்தால் வரி எண்ணப் போகிறானாம்.